பழைய லொறியின் கிறீஸ்: எது அசையவில்லை, ஏன் அசையவில்லை

அப்பப்பாவின் பெட்போர்ட் லொறி முப்பது வருசத்துக்கு மேல் யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவு மாமரத்துக்குக் கீழே நின்றது. வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வந்த வாகனம், போரில் பாதை பூட்டுப்பட்ட பிறகு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. இப்போது இரண்டு வருசமாக அதைக் கழற்றி, கழுவி, திரும்பப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். செலவான நேரத்தில் பாதிக்கு மேல் கழுவுவதற்கே போயிருக்கிறது. இதே வேலையில் இறங்கிய இரண்டு மூன்று பேர் அடிக்கடி என்னிடம் "கிறீஸ் போகுதில்லை, என்ன போடலாம்?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, "ஏற்கெனவே போட்டது என்ன, போட்டதும் அது என்ன செய்தது?" என்பதைத்தான். அதற்குப் பதில் தெரிந்தால் அடுத்து என்ன போடுவது என்று ஓரளவு சொல்லிவிடலாம். அதனால்தான் இதை அறிகுறிப்படி எழுதுகிறேன். உங்கள் சாமானில் நடப்பது எதுவோ அந்த இடத்துக்கு நேரே போங்கள், ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

முதலில் மூன்று சிரட்டை

ஒட்டியிருப்பது எல்லாம் கிறீஸ் இல்லை. ஒரே அக்சிலில் (சில்லுகளைத் தாங்குகிற அச்சில்) கிறீஸ், காய்ந்த என்ஜின் ஒயில், அடித்தட்டுக்கு யாரோ பூசிய தார், பழைய பெயின்ற், கரி எல்லாமே மேலே மேலே படிந்து ஒரே கறுப்பாகத் தெரியும். கண்ணால் பார்த்துப் பிரிக்க ஏலாது. கத்தி நுனியால் கடலைப் பருப்பளவு மூன்று துண்டு சுரண்டி எடுங்கள். ஒரு சிரட்டையில் மண்ணெண்ணெய், இன்னொன்றில் நல்ல சுடுதண்ணீரில் கரைத்த ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா, மூன்றாவதில் பெயின்ற் கடைத் தின்னர். மூன்றிலும் ஒவ்வொரு துண்டைப் போட்டுக் கால் மணித்தியாலம் விட்டுவிட்டு, குச்சியால் கிளறிப் பாருங்கள்.

மண்ணெண்ணெயில் கூழாகிக் கரைந்து, அடியில் மண் தங்கினால் அது கிறீஸ். மண்ணெண்ணெய் சாயத் தண்ணீர் மாதிரிக் கபில நிறமாகி, குச்சியில் நூல் நூலாக இழுபட்டால் தார். தின்னரில் மட்டும் சுருங்கித் தோலாக உரிந்தால் பெயின்ற். மண்ணெண்ணெயில் மேல் மட்டும் மினுங்கி, சோடாவில் தண்ணீர் கலங்கினால் காய்ந்து பிசினாகிப்போன ஒயில். மூன்றிலும் கல்லு மாதிரிக் கிடந்தால் கரி. எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் செய்வது இதைத்தான். இந்தக் கால் மணித்தியாலம் பல நாள் வேலையை மிச்சம் பிடித்துத் தந்திருக்கிறது.

பெற்றோலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேகமாகக் கரைக்கும் என்று பெற்றோலில் கழுவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். எங்கள் ஊரின் எந்தக் காலநிலையிலும் பெற்றோல் தீப்பிடிக்கிற அளவு ஆவியை விட்டபடியே இருக்கும். அந்த ஆவி காற்றை விடக் கனமானது, நிலத்தோடு ஊர்ந்து போகும். பத்தடி தள்ளிக் கிணற்றடியில் தண்ணீர் மோட்டாரின் சுவிச்சை யாராவது போட்டாலே போதும். மண்ணெண்ணெயும் முழுப் பாதுகாப்பு இல்லை, ஏறத்தாழ 38 பாகைக்கு மேல் சூடானால் அதுவும் தீப்பிடிக்கிற ஆவி விடும். மத்தியான வெயிலில் கிடக்கிற இரும்பு அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தாண்டும். அதனால் மண்ணெண்ணெய் வேலை எப்போதும் நிழலில், காற்றோட்டத்தில், அடுப்பிலிருந்து தூரத்தில்.

மண்ணெண்ணெய் ஊற்ற ஊற்ற அப்புகிறது, குறையவில்லை

இதுதான் எல்லாருக்கும் வருகிற முதல் பிரச்சினை. ஒரு போத்தல் மண்ணெண்ணெய் முடிந்திருக்கும், பிறஷ் கறுத்திருக்கும், கை முழங்கை வரை கறுத்திருக்கும், சாமான் மட்டும் போட்ட மாதிரியே இருக்கும். காரணம் மண். எங்கள் பக்கத்துச் செம்மண் தூசி கிறீஸோடு சேர்ந்து, கிறீஸில் உள்ள எண்ணெய் காலப்போக்கில் வடிந்தும் காய்ந்தும் போய், மிஞ்சுவது ஒரு வகைச் சாந்து. மண்ணெண்ணெய் அதன் மேல்தோலை மட்டும் நனைக்கும். நனைந்ததை நீங்கள் பிறஷால் துப்புரவான இடத்துக்கும் இழுத்துப் பூசுகிறீர்கள்.

கொக்குவில் பக்கம் கராச் வைத்திருந்த ஐயா ஒருவர் நான் வாளியோடு மாரடித்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எண்ணெய் எடுக்க முன்னம் கத்தியை எடு. காய்ஞ்சது காய்ஞ்சபடி வரட்டும்." அதற்குப் பிறகு ஈரம் படாமல் சுரண்டுவதுதான் என் முதல் வேலை. பழைய பட்டிக் கத்தி, உளி, ஸ்குறூ ட்றைவர் எல்லாம் இரும்புக்குச் சரி. அலுமினியத்துக்கு இரும்பு வேண்டாம், கீறினால் கசிவு விழும். அதற்குச் சிரட்டையை உடைத்தால் வருகிற கூர் விளிம்பு அருமையான சுரண்டி. காய்ந்த பனை மட்டையைச் சாய்வாகச் சீவி எடுத்தாலும் மூலைக்குள் போகும், உலோகத்தில் காயம் விழாது.

சுரண்டுவதற்கு முன் சாமானை மத்தியானம் தகரத் துண்டின் மேல் வெயிலில் இரண்டு மணித்தியாலம் போட்டால் கிறீஸ் இளகிப் பட்டை பட்டையாக வரும். (இது மண்ணெண்ணெய் படாத சாமானுக்கு மட்டும், மேலே சொன்ன காரணத்துக்காக.) இறுகிக் கல்லாகிப் போனது என்றால் நேர் மாறாக, விடியப்புறம் குளிராக இருக்கும்போது சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் துண்டு துண்டாக வெடித்து விழும். அடியில் உரப்பையை வெட்டி விரியுங்கள். என் பின் அக்சிலிலிருந்து மட்டும் ஒரு வாளி நிறைய வந்தது. இரண்டு விரல் தடிப்பில் இருந்த பட்டை ஒன்று டிஃபரன்சல் (பின் சில்லுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற பற்சில்லுகள்) கூட்டிலிருந்து முழுதாகக் கழன்று விழுந்தபோது, உள்ளே வார்ப்பில் பதித்திருந்த இலக்கங்கள் நேற்று வார்த்தது மாதிரிக் கூராக இருந்தன, ஓரத்தில் பழைய கறுப்புப் பெயின்ற்கூட ஒரு உள்ளங்கையளவு மினுக்கத்தோடு மிஞ்சியிருந்தது. அவ்வளவு காலமும் உப்புக் காற்றிலிருந்து அந்த இரும்பைக் காத்தது இந்த அழுக்குத்தான். அதனால் இதைக் கழுவி எடுக்கிற நாளிலேயே அந்த இடத்துக்கு வேறு பாதுகாப்புக் கொடுக்க வேண்டும், அதைக் கீழே துரு பற்றிய இடத்தில் சொல்கிறேன்.

சுரண்டி முடிந்த பிறகுதான் மண்ணெண்ணெய். ஊற்ற வேண்டாம், தடவுங்கள். அரை மணித்தியாலம் ஊறவிட்டு, பனந்தும்புப் பிறஷால் தேயுங்கள். கடையில் வருகிற பிளாஸ்ரிக் பிறஷ்களில் சில மண்ணெண்ணெய்க்கு இளகிப் படுத்துவிடும், பனந்தும்பு விறைப்பாகவே நிற்கும். மூன்று பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்: மிக அழுக்கு, கொஞ்சம் அழுக்கு, துப்புரவு. சாமான் அழுக்கிலிருந்து துப்புரவுக்குப் போகும், மண்ணெண்ணெய் துப்புரவிலிருந்து அழுக்குக்கு இறங்கும். அழுக்குப் பாத்திரத்தை மூடி மூன்று நாள் அசையாமல் வைத்தால் மண் அடியில் படிந்துவிடும், மேலே இருப்பதை மெதுவாக வார்த்துத் திரும்பப் பாவிக்கலாம். 2022 ஓகஸ்ட்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே அடியாக 340 ரூபாவுக்குப் போனபோது பழகிய பழக்கம் இது, இன்றைக்கும் விடவில்லை.

கறுப்புப் போய்விட்டது, தேன் நிறத்தில் ஒரு படலம் போகவே இல்லை

ஒயில் சம்ப் (என்ஜினுக்கு அடியில் ஒயில் நிற்கிற தொட்டி), வால்வ் மூடி, கியர்பெட்டியின் உட்பக்கம் ஆகிய இடங்களில் இது வரும். நகத்தால் கீறினால் கோடு விழும், மண்ணெண்ணெயில் மினுங்கும், துடைத்தால் அப்படியே இருக்கும். சூட்டில் ஒயில் ஒட்சியேற்றமாகிப் பிசினாக மாறியது இது. மண்ணெண்ணெய்க்கு இது கட்டுப்படாது, இதற்குக் காரமும் சூடும் வேண்டும்.

அரைப் பரல் ஒன்று எடுத்து மூன்று கல்லில் வைத்து, விறகு எரித்து, 20 லீற்றர் தண்ணீருக்கு ஒரு கிலோ சலவைச் சோடாவும் ஒரு கை சவர்க்காரத்தூளும் போட்டுக் கொதிக்க விடாமல், கொதிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி வைத்தபடி இரண்டு மணித்தியாலம் அவியுங்கள். பழைய காலத்துக் கராச்சுகளில் இதே வேலையைக் கோஸ்டிக் சோடாவால் செய்தார்கள். அது இன்னும் வேகமாக வேலை செய்யும், 20 லீற்றருக்கு அரைக் கிலோவே தாராளம், ஆனால் தோலையும் கண்ணையும் அதே வேகத்தில் தின்னும். பாவிப்பதென்றால் முழங்கை வரை றப்பர் கையுறை, கண்ணுக்கு மூடிய கண்ணாடி, காலுக்குச் சப்பாத்து மூன்றும் இல்லாமல் பக்கத்திலும் போகாதீர்கள். எப்போதும் பச்சைத் தண்ணீருக்குள் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவுக்கு மேல் தண்ணீரை ஊற்றினால் ஒரு நொடியில் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிள்ளைகள் நடமாடுகிற வளவு என்றால் நான் சலவைச் சோடாவோடே நின்றுகொள்ளச் சொல்வேன். நேரம் கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு எச்சரிக்கை. மண்ணெண்ணெய் வடிகிற சாமானை இந்தப் பரலுக்குள் போடக் கூடாது, அது மேலே மிதக்கும், கீழே நெருப்பு எரிகிறது. முதலில் துடைத்து, சவர்க்காரத்தூள் தண்ணீரில் கழுவி, காய வைத்த பிறகு போடுங்கள். மற்றது, எண்ணெய் இருந்த பழைய பரலைப் பாதியாக வெட்டக் காஸ் வெல்டிங்காரரிடம் கொடுக்காதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். தண்ணீர்ப் பரலாகப் பார்த்து எடுங்கள்.

சோடாவுக்குள் போட்டதும் நுரைக்கிறது, சாமான் கறுத்துவிட்டது

உடனே வெளியே எடுங்கள். இதை வாசித்து முடிக்கக்கூட நிற்க வேண்டாம், எடுத்து நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்.

அது அலுமினியம், அல்லது துத்தநாகக் கலப்பு. கோஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்று ஐதரசன் வாயுவை விடும், நுரை அதுதான், அதுவும் எரிகிற வாயு. என்னுடைய எரிபொருள் பம்பின் உடலை நான் இப்படித்தான் இழந்தேன். இரும்பு என்று நினைத்துக் கோஸ்டிக் பரலில் போட்டுவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து வந்து பார்த்தபோது மேற்பரப்பு மண்புற்று மாதிரிப் பொருபொருத்துப் போயிருந்தது, புரி ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தப் பம்புக்கு மாற்றுத் தேட ஐந்து மாதம் சென்றது. இந்த லொறியில் இனிக் கிடைக்காத சாமான்கள் எத்தனையோ இருக்கின்றன, ஒவ்வொன்றும் போனால் போனதுதான். அந்த வேதனையில்தான் சொல்கிறேன், பரலில் போட முதல் ஒவ்வொரு சாமானுக்கும் காந்தம் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத எதுவும் காரத்துக்குள் போகக் கூடாது. காபரேற்றர், எரிபொருள் பம்ப், பிஸ்டன், சில கியர்பெட்டி மூடிகள் எல்லாம் ஒட்டாத கூட்டம்.

கறுத்தது மட்டும்தான், குழி விழவில்லை என்றால் பயமில்லை. தண்ணீரில் நன்றாகக் கழுவிய பிறகு வினாகிரியில் நனைத்த துணியால் துடைத்தால் கறுப்பு பெரும்பாலும் கழன்று வரும். அலுமினியத்தைக் கழுவ மண்ணெண்ணெய், அதன் பிறகு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த சுடுதண்ணீர், இரண்டும் போதும். பொறுமை கொஞ்சம் கூட வேண்டும்.

எதற்கும் அசையாத கறுப்பு

கரி. சிலிண்டர் மூடி, பிஸ்டன் தலை, புகைக் குழாய்ப் பக்கம். எங்கள் ஊர்ப் பழைய பெற்றோல் வாகனங்களில் இது கொஞ்சம் கூடவே இருக்கும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் இல்லாமல், சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய என்ஜின்கள் இவை. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் உள்ளே கரியாகப் படிந்திருக்கும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாக இறங்கி என்ஜின் ஒயிலையும் தண்ணியாக்கியிருக்கும். அந்தக் காலத்தில் ஓடிய ஒரு ஒஸ்ரின் காரின் மனிபோல்ட்டை (என்ஜினோடு பூட்டியிருக்கிற குழாய்க் கூட்டத்தை) திறந்து பார்த்தால் உள்விட்டத்தில் ஒரு சுற்று கறுப்பு ஓடு மாதிரி இருப்பதைக் காணலாம்.

கரியைக் கரைக்கப் பார்க்காதீர்கள், இளக்கிச் சுரண்டுங்கள். இரும்பென்றால் காரப் பரலில் ஒரு இரவு ஊறப்போட்டு வயர் பிறஷ். அலுமினியப் பிஸ்டன் என்றால் மூடியுள்ள டின்னில் தின்னருக்குள் ஒரு இரவு, பிறகு சிரட்டையும் பித்தளை வயர் பிறஷும். ரிங் பள்ளத்துக்கு உடைந்த ரிங் துண்டையே சுரண்டியாகப் பாவிப்பார்கள், அருமையான யோசனை, ஆனால் பள்ளத்தின் சுவரை அறுத்துவிடாமல் கரியை மட்டும் எடுக்க வேண்டும்.

காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது

கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருகிற தண்ணீர் எங்களுடையது, கேத்திலில் படிகிற அதே வெள்ளைதான் சாமானிலும் படிகிறது. சவர்க்காரக் கட்டி போட்டுக் கழுவினால் இன்னும் மோசம், தண்ணீரிலுள்ள கல்சியத்தோடு சவர்க்காரம் சேர்ந்து பிசுபிசுத்த வெள்ளைக் கசடாகி மூலைகளில் ஒட்டிக்கொள்ளும். கட்டிச் சவர்க்காரத்தை விட்டுத் தூளுக்கு மாறுங்கள். கடைசிக் கழுவலுக்கு மாரிகாலத்தில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதற்கு மிஞ்சியது இல்லை. ஏற்கெனவே பூத்துவிட்டதென்றால் வினாகிரித் துணியால் ஒரு துடை, பிறகு தண்ணீர், பிறகு காய வைப்பு.

கழுவி அரை மணித்தியாலத்துக்குள் செம்பட்டையாகத் துரு

கிறீஸ் போன இரும்பு உடுப்பில்லாத பிள்ளை மாதிரி, அடுத்த காற்றுக்கே சளி பிடிக்கும். கடல் எந்தப் பக்கமும் தூரமில்லாத ஊரில், ஐப்பசி கார்த்திகை ஈரக் காற்றில் நான் கழுவிய ஒரு ஸ்பிரிங் இலை, துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் செம்பட்டை அடித்தது. பெரிய சாமான்களை மாசியிலிருந்து ஆவணி வரையான காய்ந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கழுவலைக் கையால் தொட முடியாத சுடுதண்ணீரில் செய்தால் இரும்பு தன் சூட்டிலேயே ஒரு நிமிசத்தில் காய்ந்துவிடும், இது நான் கண்ட மிக நல்ல வழி. கொம்பிறசர் இருந்தால் மூலைகளை ஊதிவிடுங்கள். பெயின்ற் அடிக்கிற சாமானுக்கு அன்றைக்கே பிறைமர். அடிக்க நேரமில்லை என்றால், அல்லது பெயின்ற் அடிக்காத சாமான் என்றால், மெல்லிய என்ஜின் ஒயில் தடவிப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். ஒரு நாளில் எத்தனை சாமானுக்குப் பிறைமர் அடிக்க முடியுமோ அத்தனையை மட்டும் கழுவுங்கள். நான் முதல் மாதம் ஒரே நாளில் பதினைந்தைக் கழுவிவிட்டு மறுநாள் பத்தைத் திரும்பத் தேய்த்தேன். ஏற்கெனவே மெல்லிய துரு வந்துவிட்டால் பொஸ்பரிக் அமிலம் உள்ள துரு மாற்றியைத் தடவினால் போதும், திரும்பப் பரலுக்குப் போக வேண்டியதில்லை.

பெயின்ற் அடித்தால் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகுகிறது

எண்ணெய் இன்னும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. பெயின்ற் அடிக்க முதல் துப்புரவான தண்ணீரைச் சாமானில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே போர்வையாகப் பரவி நின்றால் சரி. சேம்பிலையில் உருளுகிற மாதிரி முத்து முத்தாகக் கூடினால் அந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது. அந்த இடத்தைத் தின்னர்த் துணியால் துடைத்து, தின்னர் ஆவியாகிப் போக முதல் காய்ந்த இன்னொரு துணியால் துடைத்து எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்துக் காய விட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் திரும்பப் படியும். பெரும்பாலானவர்கள் பிழை விடுகிறது இந்த இரண்டாவது துணியில்தான்.

வார்ப்பு இரும்புக் கியர்பெட்டி, டிஃபரன்சல் கூடு இரண்டிலும் இன்னொரு தொல்லை உண்டு. வார்ப்பின் நுண்துளைகளில் பல வருச ஒயில் ஊறியிருக்கும், நீங்கள் துடைத்து வைத்த மறுநாள் வெயில் பட்டதும் வியர்த்து நிற்கும். அதை வேண்டுமென்றே செய்விக்க வேண்டும். வெயிலில் போடுங்கள், வியர்த்ததைத் துடையுங்கள், திரும்பப் போடுங்கள். என்னுடையது நாலாம் நாள்தான் வியர்க்காமல் விட்டது. வெல்டிங் பிடிக்க வேண்டிய இடம் என்றால் குளோரின் சேர்ந்த ஸ்பிறே கிளீனர் எதையும் பாவிக்காதீர்கள், அந்த மிச்சம் வெல்டிங் சூட்டில் நச்சு வாயுவாக மாறும்.

பிறேக் றப்பர் வீங்கிப்போச்சு

மண்ணெண்ணெய், டீசல், கிறீஸ் எதுவுமே பிறேக் றப்பருக்கு ஆகாது. வீங்கியது திரும்பாது, எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பிறேக் சிலிண்டர் உள்பக்கத்தைக் கழுவப் பிறேக் ஒயிலோ மெதிலேற்றட் ஸ்பிரிட்டோ மட்டும்தான்.

பிறேக் ட்றம்முக்குள் இருக்கிற தூசியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து லொறிகளின் பிறேக் லைனிங்கில் கல்நார், அதாவது அஸ்பெஸ்டஸ், இருந்தது. கொம்பிறசரால் ஊதவே கூடாது. சவர்க்காரத்தூள் தண்ணீரால் நனைத்து, ஈரத்தோடேயே துடைத்து, அந்தத் துணியை ஈரமாகவே பையில் கட்டி அகற்றுங்கள். மூச்சுக்குள் போன நார் பிறகு வெளியே வராது.

பேரிங் கழுவிய பிறகு கரகரக்கிறது

மூன்று காரணம் இருக்கலாம். உள்ளே மண் மிச்சம், அல்லது உண்மையிலேயே தேய்ந்துவிட்டது, அல்லது கொம்பிறசரால் சுழற்றி விட்டீர்கள். எண்ணெய் இல்லாத பேரிங்கைக் காற்றால் விசிலடிக்கச் சுழற்றுவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தச் சில விநாடியில் குண்டுகளும் பாதையும் கீறுப்பட்டுவிடும். துப்புரவான மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கையால் மெதுவாகத் திருப்பி, மூன்று தரம் எண்ணெய் மாற்றி, கடைசியில் நூல் விடாத துணியில் வடிய விடுங்கள். காய்ந்த கையோடு புதுக் கிறீஸ், உள்ளங்கையில் வைத்து ஓரத்திலிருந்து அழுத்தி மற்றப் பக்கத்தால் வரும் வரை. பழைய கிறீஸ் கொஞ்சம் இருந்தால் என்ன என்று விடாதீர்கள், வெவ்வேறு வகைக் கிறீஸ் கலந்தால் இளகி வழிந்துவிடலாம். நகத்தில் தட்டுப்படுகிற கீறலோ குழியோ பாதையில் இருந்தால் எவ்வளவு கழுவினாலும் கரகரப்புப் போகாது.

அழுக்குத் தண்ணீரும் கழிவு எண்ணெயும் சேர்ந்துபோய் நிற்கிறது

இதைக் கடைசியில் விட்டுவிடலாம் என்று வேலியோரம் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. குடாநாட்டில் எங்களுக்கு ஆறு இல்லை, மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றைத் தவிர. குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல்லில் நிற்கிற மழைத்தண்ணீர். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும், அதற்குச் சாட்சி வேண்டுமென்றால் புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றைப் போய் எட்டிப் பார்த்தால் தெரியும். மேலே ஊற்றுவது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போக அதிக காலம் எடுக்காது. 2014, 2015 காலத்தில் சுன்னாகம் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறது என்று சனம் தன் சொந்தக் கிணற்றை விட்டுவிட்டு பவுசர்த் தண்ணீருக்கு வாளியோடு நின்றதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

அதனால் எங்கள் வளவில் கழுவுகிற இடம் கிணற்றிலிருந்து மிகத் தள்ளி, சீமெந்துத் தரையில், நாலு பக்கமும் மணல் மூட்டை அடுக்கி, தார்ப்பாய் விரித்தது. சுரண்டிய கிறீஸ் ஒரு மூடி டின்னில், அடிக் கசட்டு மண்ணெண்ணெய் ஒரு கானில். இரண்டையும் கழிவு ஒயில் சேர்க்கிற சேவிஸ் ஸ்டேசனில் கொடுக்கிறேன், அவர்களுக்கு அதை எடுக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். கறையானுக்கு என்று வேலித் தூணுக்குப் பூசுகிற பழக்கம் உண்டு, நான் அதையும் நிறுத்திவிட்டேன், மழைக்கு அது மண்ணுக்குள்தான் இறங்குகிறது. தரையில் சிந்தினால் உமியோ மரத்தூளோ கொட்டி ஒரு இரவு விட்டுக் கூட்டி எடுங்கள், தண்ணீர் அடிக்காதீர்கள். சேசி (லொறியின் அடிச்சட்டம்) மாதிரி வீட்டில் அடக்க ஏலாத பெரிய சாமானை எண்ணெய் பிரிக்கிற குழி உள்ள சேவிஸ் ஸ்டேசனுக்குக் கொண்டுபோய் அங்கே கழுவுங்கள், கூலி கொடுத்தாலும் பரவாயில்லை. எண்ணெய்த் துணிகளை மூடியுள்ள தகர டின்னில், குசினியிலிருந்து விலக்கி வையுங்கள்.

கையில் பிடித்த கறுப்பு

தேங்காய் எண்ணெயும் சீனியும் சேர்த்துத் தேய்த்து, பிறகு சவர்க்காரம். பெற்றோலிலும் தின்னரிலும் கை கழுவுவதை விட்டுவிடுங்கள், அது தோலின் எண்ணெயையும் சேர்த்து உறிஞ்சி வெடிக்க வைக்கும், வெடித்த இடத்தால் அழுக்கு உள்ளே போகும்.

எல்லாம் பூட்டி ஒரு கிழமையில் அதே இடத்தில் திரும்ப ஒயில்

அப்படியென்றால் கழுவியதில் பிழை இல்லை. அந்த அழுக்கு முதலில் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டிய இடம் இது. துப்புரவான இரும்பில்தான் கசிவு தெளிவாகத் தெரியும், கழுவியதில் கிடைத்த பெரிய லாபம் இதுதான். சந்தேகப்படுகிற இடத்தைத் துடைத்து, முகத்துக்குப் பூசுகிற பவுடரை மெல்லியதாகத் தூவி, கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு வந்து பார்த்தால் ஒயில் தொடங்குகிற புள்ளி கோடாகத் தெரியும்.

என்னுடைய பின் அக்சிலில் ஒயில் சீல் (ஒயில் கசியாமல் தடுக்கிற வளையம்) புதியது, ஒயில் மட்டமும் சரி, ஆனாலும் பினியன் (டிஃபரன்சலுக்குள் சுழற்சியைக் கொண்டுவருகிற சின்னப் பற்சில்லு) பக்கம் நனைந்துகொண்டே இருந்தது. அக்சில் கூட்டுக்கு மேலே சுண்டுவிரல் நுனியளவு ஒரு காற்றுப்போக்கி இருக்கும், ஓடிச் சூடாகும்போது உள்ளே விரிகிற காற்று வெளியேற. அதன் வாய் செம்மண்ணும் கிறீஸும் இறுகி அடைபட்டிருந்தது. காற்றுக்கு வேறு வழி இல்லாமல் சீலைத் தள்ளி ஒயிலை வெளியே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது, எத்தனை வருசமாகவோ. மெல்லிய கம்பியால் குத்தி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வாயால் ஊதிப் பார்த்தேன், காற்றுப் போனது. திரும்பப் பூட்டினேன். இன்றைக்கு ஆறு கிழமை, பவுடர் தூவிய இடம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.